ஆறு துளை போட்ட நாற்றுப் பைகள்

கடந்த மார்ச் மாதம் 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு, வளர்ச்சிக் குறைபாடுள்ள பெரியவர்களுக்காகத் தாங்கள் நடத்தும் பகல்நேர மையத்தின் நாற்றுப் பண்ணையில், என் தங்கையின் கையிலிருந்து துளையிடும் ஊசி வாங்கி வைக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையிலிருந்து அன்று அவள் நீக்கப்பட்டாள். நீக்கம் என்ற சொல் எந்தத் தாளிலும் இல்லை. ‘விருப்பத்தின் பேரில் ஓவியப் பிரிவுக்கு மாற்றம்’ என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவு பொய் என்பதே என் குற்றச்சாட்டு. நிர்வாகக் குழுவில் உள்ள எழுவரில் ஒருவர்கூட என் தங்கையோடு பேசியதில்லை என்று அறிகிறேன். ஆகவே அவள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. வீட்டில் இன்னும் பாப்பாதான். பண்ணையில் அவள் பெயர் மேஸ்திரி. மூன்று பள்ளிகள் அவளைத் திருப்பியனுப்பின. முதல் பள்ளி இரண்டு மாதம் வைத்திருந்தது, இரண்டாவது ஒன்பது நாள், மூன்றாவது வாசற்கதவோடு சரி. மூன்று பள்ளிகளின் மறுப்புக் கடிதங்களும் என்னிடம் உள்ளன. அதன்பின் இருபத்தொன்பது வயதுவரை எங்கள் முன்னறையும் அதன் ஜன்னலும்தான் அவள் உலகம். யாராவது வந்தால் அம்மா அவளை உள்ளே அனுப்பிவிடுவார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரி எடைமேடையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். அறக்கட்டளைச் சட்டத்தைப் பொது நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்தேன். அம்மா இறந்த ஆண்டு, அந்தப் படிப்பின் துணையோடுதான் என் தங்கையைத் தங்கள் மையத்தில் சேர்த்தேன். செடி விற்று வரும் வருமானத்தில் வேனும், பேச்சுப் பயிற்சியும், மதியச் சாப்பாடும் நடக்கின்றன என்று அன்று விளக்கினார்கள். நல்ல ஏற்பாடு என்று நம்பினேன். இன்றும் அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை.

அந்நாளில் பண்ணைக்குத் துளையில்லாத கறுப்புப் பைகள்தான் வாங்குவார்கள். பையில் மண் நிரப்பி, தண்ணீர் வடிவதற்கு ஊசியால் துளையிட வேண்டும். இரு பக்கமும் இரண்டிரண்டு, அடியில் இரண்டு, ஆக ஆறு. என் தங்கைக்கு ஆறுவரைதான் எண்ணத் தெரியும். அந்த வேலைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற பொறுப்பும் அவளிடம் வந்தது. “ஆறோட நிறுத்து. ஏழு போட்டா செடிக்குக் குளிரும்” என்று அவள் அதட்டுவதை நானே கேட்டிருக்கிறேன்.

மாலை ஐந்தரைக்கு வேன் இறக்கிவிடும். கை கழுவிவிட்டு நாற்காலியில் சாய்வாள்.

“அப்பாடா, செத்தேன். அண்ணி, டீ குடுங்க. வேலைக்குப் போறவளுக்குத்தான் தெரியும் கஷ்டம்.”

“ஆமாம்மா, நாங்கெல்லாம் கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கோம்” என்பாள் என் மனைவி.

ஒரு முறை விடுப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னாள். காரணம் கேட்டேன். “சும்மா” என்றாள். அப்படியே எழுதினேன், அனுமதியும் கிடைத்தது. அன்று முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போன ஒவ்வொருவரிடமும் “இன்னைக்கு எனக்கு லீவு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை உள்ளே போகச் சொல்லவில்லை.

மார்ச் 11 மாலை வேனிலிருந்து இறங்கியவள் குழாய்ப் பக்கமே போகவில்லை.

“பாப்பா, கை கழுவிட்டு வா.”

“கையில மண்ணே இல்ல அண்ணி. எதுக்குக் கழுவணும்?”

ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். அச்சிட்ட பூ, கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டியிருந்தாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேலை இல்லண்ணா.”

“யாரு சொன்னா?”

“முடிச்சதும் என்கிட்டயே குடுத்துட்டாங்க. வேலைன்னா வேற யாராவது வாங்கிட்டுப் போவாங்க.”

அதன்பின் நாற்பது நாட்களாக நாளொன்றுக்கு ஒரு தாள் வருகிறது. அவள் சாய்வதில்லை, டீ கேட்பதில்லை, ஜன்னல் பக்கமும் போவதில்லை. யாராவது வந்தால் தானாகவே உள்ளே போய்விடுகிறாள்.

மையத்தில் விசாரித்தேன். ஊசி ஆபத்தாம். பன்னிரண்டு ஆண்டில் ஒரு சொட்டு இரத்தம் சிந்தாத ஊசி திடீரென்று ஆபத்தானது எப்படி? மார்ச் 22 சனிக்கிழமை, தங்கள் விற்பனை நிலையத்தில் இரண்டு செம்பருத்திக் கன்றுகள் வாங்கினேன். ரசீதின் நகல் இணைப்பில் உள்ளது. ‘எங்கள் உறுப்பினர்கள் தங்கள் கைகளால் வளர்த்தது’ என்று லேபிள் இருந்தது. வீட்டில் பையைத் திருப்பிப் பார்த்தேன். பதினாறு துளைகள், நான்கு வரிசை, அளவெடுத்தாற்போன்ற இடைவெளி. என் தங்கையிடம் காட்டினேன். ஆறுவரை எண்ணினாள், நிறுத்தினாள், மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“இது என்னுது இல்ல. யாரோ கை நிறுத்தாம குத்தியிருக்காங்க. இப்படிக் குத்துனா தண்ணி நிக்குமா? பாவம், அவங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல.”

“துளை போட்ட பையா வாங்கியிருப்பாங்க. உங்களுக்குக் குடிக்கிற தண்ணியிலயும் சந்தேகம்” என்றாள் என் மனைவி. நியாயமான மறுப்பு. ஆகவே ஏப்ரல் 2, 4, 9 ஆகிய மூன்று நாட்கள், பண்ணைக்கு எதிரே உள்ள டயர் கடையில் காலை ஆறரை முதல் உட்கார்ந்தேன். மூன்று நாளும் ஏழு மணியை ஒட்டி ஒரு மூடிய லாரி வந்தது. உள்ளே போகும்போது பின்பக்கம் சக்கரத்தோடு படிந்திருந்தது. வெளியே வரும்போது நிமிர்ந்திருந்தது. எடைச் சீட்டு இல்லாமலே எனக்கு அது விளங்கும். செடி வளர்க்கிற இடத்திலிருந்து வண்டி சுமையோடு வெளியேற வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. மூன்றாம் நாள் ஓட்டுநர் டயருக்குக் காற்றுப் பிடிக்க வந்தார்.

“என்ன தம்பி, மண்ணா?”

“மண்ணு சுமக்க நான் என்ன மண்புழுவா பெரியவரே? செடி. வாரத்துக்கு மூணு நடை.”

“இங்கேயே வளர்க்கிறாங்கன்னு சொல்றாங்களே?”

“வளர்க்கிறாங்களே! லேபிள் ஒட்டி வளர்க்கிறாங்க.”

ஏப்ரல் 15 அன்று மேலாளரைச் சந்தித்தேன். அவர் கெட்டவர் அல்லர் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஒரு வேனாக இருந்ததை மூன்று வேனாக்கியவர் அந்த அம்மையார். நான் சொன்ன எதையும் அவர் மறுக்கவில்லை. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது.

“ஐயா, ஒரு கட்டடக் கம்பெனி மாசம் நாலாயிரம் செடி கேக்குது. உங்க தங்கை ஒரு நாளைக்கு எத்தனை பை போடுவாங்க?”

“நாற்பது.”

“அந்த ஆர்டர் வந்ததாலதான் காத்திருந்தவங்கள்ல பதினோரு பேரை உள்ள எடுத்தோம். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

“அப்படின்னா அந்த லேபிள்?”

“லேபிள் இல்லன்னா ஆர்டர் இல்ல. ஆர்டர் போனா வேன் போகும். அந்த வேன்ல யாரு வர்றாங்கன்னு நான் சொல்லணுமா?”

இது விளக்கமா, மிரட்டலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. விருப்பத்தின் பேரில் மாற்றம் என்பதற்கு ஆதாரம் கேட்டேன். படிவத்தை எடுத்துக் காட்டினார். ‘உறுப்பினரின் விருப்பம்: வண்ணம் தீட்டுதல்’ என்று எழுதி, கீழே என் தங்கை கையெழுத்தாகப் போடும் வட்டமும் இருந்தது. வட்டம் அவளுடையதுதான், அதை மறுக்க மாட்டேன். நகல் கேட்டேன். “அப்புறம் தர்றேன்” என்றார். எல்லாவற்றையும் எழுத்தில் கேட்பேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வீட்டில் அவளையே விசாரித்தேன்.

“பாப்பா, அந்தத் தாள்ல வட்டம் போடுறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஏதாவது கேட்டாங்களா?”

“கேட்டாங்களே. கலர் அடிக்கப் பிடிக்குமான்னு கேட்டாங்க. பிடிக்கும்னு சொன்னேன்.” சற்று யோசித்தாள். “பிடிக்கும்தானே அண்ணா? நான் பொய் சொல்லல.”

“பை வேலை வேணாமான்னு கேட்டாங்களா?”

“அதை எதுக்குக் கேக்கப் போறாங்க? அதுதான் என்கிட்ட இருந்துச்சே.”

இரண்டு நாள் கழித்து, வேன் நிற்குமிடத்தில் ஒரு தாய் என்னை வழிமறித்தார். புதிதாகச் சேர்க்கப்பட்ட பதினொருவரில் ஒருவருடைய தாய், எழுபதைத் தாண்டியவர்.

“உங்க தங்கச்சிக்கு அண்ணன்னு நீங்க இருக்கீங்க. எனக்கப்புறம் என் மகனுக்கு யாரு இருக்கா? ஒன்பது வருஷம் காத்திருந்து போன மாசம்தான் உள்ள போனான். உங்க கடுதாசியால வேன் நின்னுபோச்சுன்னா, நீங்க வந்து அவனைப் பாத்துக்குவீங்களா?”

அந்தக் கேள்வியையும் இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் நான் எழுத்தில் கேட்கப்போவதை என் வீட்டுக்கு வெளியே ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். அது இரண்டே நாளில் இந்தத் தாயின் காதுக்கு எப்படிப் போனது? நெருப்பில்லாமல் புகையாது.

லேபிள் விஷயத்தைச் சொல்லிக் கட்டடக் கம்பெனிக்கு நான் எழுதிய கடிதம் அஞ்சல்தலை ஒட்டி என் மேசையில் இருக்கிறது. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்த பிறகு அதை அனுப்பக் கை வரவில்லை. கிழித்துப்போடவும் கை வரவில்லை. ஆர்டரை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. வேன் ஓட வேண்டும். பதினொருவரும் உள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் எவருடைய வேலைக்காக அந்தப் பண்ணை தொடங்கப்பட்டதோ, அவர்களை வண்ணப் பென்சிலோடு உட்காரவைத்துவிட்டு, அவர்கள் கையைச் சொல்லி விற்பது எந்தக் கணக்கிலும் நேராகாது. நாலாயிரம் செடி வந்துபோகிற பண்ணையில் நாற்பது பைக்கு ஒரு மேசை போட இடமில்லை என்றால் நான் நம்ப மாட்டேன்.

எனவே நிர்வாகக் குழுவிடம் நான் கோருவது இவை. பை வேலைக்குத் திரும்ப விருப்பமா என்ற கேள்வியை, நானும் மேலாளரும் இருக்கும்போது, குழு உறுப்பினர் ஒருவர் என் தங்கையிடம் நேரில் கேட்க வேண்டும். அவள் சொல்வதை அவள் சொன்ன சொற்களிலேயே படிவத்தில் எழுத வேண்டும். மார்ச் 11ஆம் தேதி முடிவை எடுத்தவர் யார், எந்தக் கூட்டத்தில், எந்தத் தீர்மானத்தின்படி என்பதைத் தெரிவிக்க வேண்டும். இவற்றுக்கான பதில், இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், தலைவரின் கையொப்பத்தோடு எழுத்து மூலம் வர வேண்டும். தொலைபேசியில் சொல்வதும், வேன் நிறுத்தத்தில் யார் மூலமாவது சொல்லியனுப்புவதும் பதிலாகக் கொள்ளப்படா. பதிலை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். உறையின்மேல் என் தங்கையின் முழுப் பெயரை எழுதி அனுப்புங்கள். அவளுக்குப் படித்துக் காட்ட நான் இருக்கிறேன்.