பெயின்ற் அடிக்க வந்த சேர்

பத்து வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவவுக்கும் ரொறன்ரோவுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் கதையைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வேலை. டொக்டர் சொல்வதை அம்மாவுக்குச் சொல்வேன், அம்மா சொல்வதை வங்கிக்காரிக்குச் சொல்வேன். அநேகமாகச் சரியாகத்தான் சொன்னேன். என்னைப் பற்றிய கதை வரும்போது மட்டும் கொஞ்சம் கைவைப்பேன்.

அந்த வருடம் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்தவர் நல்ல உயரமான மனிதர், கழுத்தில் மீன் படம் போட்ட ரை கட்டுவார். எந்த ஆசிரியர் என்றாலும் அம்மாவுக்கு அவர் சேர்தான். ஆகவே இங்கேயும் சேர். அப்பா வேலைக்குப் போய்விட்டார். நான் வாசிப்பில் இரண்டு வகுப்புப் பின்னால் நிற்கிறேன் என்றும், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன் என்றும், ஜூலையில் சனிக்கிழமைகளில் நடக்கிற வாசிப்பு வகுப்புக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்றும் சேர் அம்மாவிடம் ஒவ்வொரு சொல்லாக, ஆறுதலாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, சொல்லு என்றார்.

சொன்னேன். "நான் அளவுக்கு மிஞ்சி வாசிக்கிறனாம். கண்ணுக்குக் கூடாதாம். லீவிலை புத்தகத்தைத் தொடவே விட வேண்டாமாம்."

அம்மாவின் கண் கலங்கியது. சேர் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வகுப்பு நடக்கும் இடமும் நேரமும் எழுதிய கடிதத்தை அவர் என்னிடம் தந்தார். டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் பன்னிரண்டாம் மாடிக் குப்பைக் குழாய்க்குள் அதைப் போட்டுவிட்டு, அது அடியில் போய் விழும் சத்தம் கேட்குமா என்று காதை வைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. அப்பா சந்தோஷத்தில் எனக்கு ஒரு ஊதா சைக்கிள் வாங்கித் தந்தார். அம்மா கண்ணுக்கு நல்லது என்று ஒவ்வொரு நாளும் கரட் தந்தா. கரட் சம்பல், கரட் கறி, கரட் சாறு. தண்டனை என்று ஒன்று கிடைத்ததென்றால் அதுதான்.

ஜூலையில் நகரின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் வீடு வாங்கிப் போனோம். புது வீடு, புதுப் பள்ளிக்கூடம். என் களவெல்லாம் அந்தக் குழாயோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். முன்பு இருந்தவர்கள் வரவேற்பறைக்குக் கத்தரிக்காய் நிறம் அடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் பார்த்தாகிவிட்டது. அதற்குள் சுவரை வெள்ளையாக்க அப்பா ஒரு பெயின்ற் கொம்பனிக்குச் சொன்னார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தேன்.

வெள்ளை மேலங்கி, தொப்பி, தோளில் ஏணி. மீன் ரை இல்லை. சேர்.

அவர் என் பெயரைச் சொல்லிச் சிரித்தார். நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஆர் பிள்ளை அது?" குசினிக்குள் இருந்து அம்மா.

"பெயின்ற் அடிக்கிற ஆள்."

பொய் இல்லை. அன்று நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடித்தேன். சேர் கரையெல்லாம் பெயின்ற் படாமல் ரேப் ஒட்டி, ஏணியில் ஏறி முதல் சுவரைத் தொடங்கினார். அம்மா வரவேற்பறைக்கு வரப் பார்க்கும்போதெல்லாம் பெயின்ற் மணம் தலையிடி தரும் என்று திருப்பி அனுப்பினேன். கழிவறைக்குப் போகவும் பயம். பத்து மணிக்கு அம்மா தேத்தண்ணியோடு வந்தே விட்டா. ஏணியில் நின்றவரை அண்ணாந்து பார்த்தா. தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார் அவர்.

"ஐயோ, சேர் அல்லோ!"

அம்மா அவசரமாகத் தலைமயிரை முடிந்தா. தேத்தண்ணியை உள்ளே கொண்டுபோய், விருந்தாளிகளுக்கு வைத்திருந்த கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்தா. கதிரையில் புதுத் துவாயை விரித்து, அவரை இறங்கச் சொல்லிக் கையால் கெஞ்சினா. சேர் ஒன்றும் விளங்காமல், பெயின்ற் பட்ட மேலங்கியோடு துவாயின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருந்தார். நான் நடுவில் நின்றேன்.

"கேள் பிள்ளை, சேர் ஏன் உந்த வேலைக்கு வந்தவர்? பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டிப் போட்டாங்களோ?"

இதை மட்டும் ஒழுங்காகக் கேட்டேன், எனக்கும் அறிய ஆசை. சேர் ஒளிக்காமல் சொன்னார். தான் லீவில் போன ஒரு ரீச்சருக்குப் பதிலாக வந்தவராம். அது ஜூனோடு முடிந்ததாம். செப்டெம்பரில் யாராவது கூப்பிட்டால் உண்டாம். அதுவரைக்கும் இந்தக் கொம்பனி தரும் வேலைதானாம்.

எனக்கு அது நீளமாக இருந்தது. "சும்மா இருக்க அலுப்பாம் அம்மா. பொழுதுபோக்குக்குச் செய்யிறாராம்."

அடுத்தது சேரின் முறை. வாசிப்பு வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். அம்மா மிகவும் சந்தோஷப்படுகிறா என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அம்மாவைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தி, குட், என்றார். அது அம்மாவுக்குத் தெரிந்த சொல்.

"குட், குட்! வெரி குட்!" என்று அம்மா இரண்டு விரலால் தன் கண்களைத் தொட்டுக் காட்டினா.

சேர் என்னைப் பார்த்தார். ஏன் கண்ணைக் காட்டுகிறா என்று கேட்டார்.

வாசிக்கக் கண் வேண்டும்தானே என்றேன். அம்மா போய் ஒரு கிண்ணம் கரட் சம்பல் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தா. அவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை, வகுப்பில் கொப்பியை வாங்க முன்னம் பார்க்கிற பார்வை. அந்த வகுப்பில் என்ன புத்தகம் வாசிக்கிறாய் என்று கேட்டார். கண்ணில் பட்டது யன்னலுக்கு வெளியே நின்ற சைக்கிள். சைக்கிளைப் பற்றி ஒரு புத்தகம் என்றேன். அதில் என்ன நடக்கிறது என்றார். ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் கிடைக்கிறது என்றேன். பிறகு? பிறகு இன்னும் வாசிக்கவில்லை என்றேன்.

அப்போதுதான் அம்மா குண்டைப் போட்டா. "நாலு மணிக்கு அப்பா வந்திடுவார். சேரோடை ஆற அமர இருந்து கதைக்கட்டும்."

அப்பாவுக்கு ஆங்கிலம் வரும். அப்பாவுக்கு நான் தேவையில்லை.

சேர் திரும்பவும் ஏணியில் ஏறினார். நான் குசினி மணிக்கூட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று. பன்னிரண்டு. அம்மா வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தா. அவர் பெயின்ற் உருளையை ஒவ்வொரு தரம் உயர்த்தும்போதும் அவவின் முகம் சுருங்கியது. இரண்டு மணிக்கு அவவால் தாங்க முடியவில்லை.

"இஞ்சை வா. சேரிட்டைச் சொல்லு. எழுத்துப் படிப்பிக்கிற கையாலை எங்கட சுவருக்கு வேலை வாங்கக் கூடாது. அது எங்களுக்குப் பாவம். எங்களுக்கு அவர் கடவுள் மாதிரி. லீவு தந்ததே ஆறுதலா இருக்கத்தானே, வீட்டை போய் நல்லா ஓய்வெடுக்கச் சொல்லு. மிச்சத்தை அப்பாவும் மாமாவும் பார்ப்பினம். மரியாதையாச் சொல்லு, என்ன?"

இதைவிட எனக்கு என்ன வேண்டும்? வானம் திறந்து கொட்டியதுபோல இருந்தது. ஆனால் அதை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல என்னிடம் சொல்லும் இல்லை, நேரமும் இல்லை. ஏணிக்குக் கீழே போய் நின்று சொன்னேன்: நீங்கள் இங்கே வேலை செய்வது அம்மாவுக்கு விருப்பமில்லை. நீங்கள் போகலாம்.

உருளை சுவரில் அப்படியே நின்றது. வெள்ளை ஒரு கோடாக வழிந்தது.

தான் ஏதாவது பிழை விட்டாரா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையாகவா என்றார். அம்மாவுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் எனக்கு மேலால் அம்மாவைப் பார்த்தார். அம்மா இரண்டு கையையும் கூப்பி நிறைந்த முகத்தோடு தலையாட்டினா. ஓம், அதேதான், போங்கோ.

இறங்கினார். சிந்தியதைத் துடைத்தார். நிலத்தில் விரித்த துணியை மடித்தார். எவ்வளவு மெதுவாக மடித்தார்! பேஸ்மென்ற்றில் தூரிகைகளைக் கழுவினார், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மணி. மூன்று இருபது. தேத்தண்ணி குடித்த கோப்பையையும் கழுவிக் கவிழ்த்து வைத்தபோது எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அவருக்காக இல்லை, மணிக்கூட்டுக்காக. மூன்றே முக்காலுக்கு ஏணியைத் தோளில் வைத்தார். வாசலில் நின்று, நீ அந்த வகுப்புக்குப் போனது எனக்குச் சந்தோஷம் என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

அவருடைய வான் தெருமுனையில் திரும்பும்போது அப்பாவின் கார் உள்ளே வந்தது.

"ஆள் எங்கை?" முக்கால் சுவர் வெள்ளையையும் மிச்சக் கத்தரிக்காயையும் பார்த்து அப்பா கேட்டார். அம்மா நடந்ததைச் சொன்னா. அப்பாவுக்கும் பெருமை. உடனே கொம்பனிக்கு ஃபோன் எடுத்தார். வேலையில் ஏதும் குறையா என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு ஆசிரியர் கூலிக்குப் போகிறார் என்று நாலு பேருக்குச் சொல்லி அவரைத் தாழ்த்தக் கூடாது என்று அப்பா நினைத்தார். ஆகவே காரணம் சொல்லவில்லை. மிக நல்ல மனிதர், ஆனால் தயவுசெய்து அவரை மட்டும் இனி அனுப்ப வேண்டாம் என்று மிகவும் பணிவாகச் சொல்லி ஃபோனை வைத்தார். நான் வெளியே போய் இருட்டும்வரை சைக்கிள் ஓடினேன். அப்படி ஒரு நிம்மதி.

அவர் அந்தக் கதிரையில் இருந்து சொன்ன ஆங்கிலத்தில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றும் இருக்கவில்லை. ஜூன், முடிந்தது, செப்டெம்பர், கூப்பிட்டால். எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மனிதருடைய இரண்டு மாதம் வருகிறது என்பதுதான் தெரியாது. அந்த ஜூலையில் அவருக்கு இருந்த வேலையையும் நாங்கள் மூன்று பேருமாகச் சேர்ந்து, ஆளுக்கொரு விதமாக, இல்லாமல் செய்தோம் என்பதும் தெரியாது.

அம்மா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுவா. ஏணியில் நின்ற சேரை இறக்கி, துவாய் விரித்து இருத்தி, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிய கதை. கடைசியில் என்னைக் காட்டுவா.

"கேட்டுப் பாருங்கோ. இவதான் நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சேரிட்டைச் சொன்னவ."

எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். ஓம் என்பேன்.