ஒரே வலி, இரண்டு தேதி

கல்யாணமான முதல் வருடத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே வாரத்தில் பல்வலி வந்தது. அவர் ஒரு கம்பெனியில் கணக்கர். கம்பெனி எடுத்துக் கொடுத்த காப்பீடு இருந்தது. அதில் மனைவியைச் சேர்க்கும் வேலை இழுத்துக்கொண்டே கிடந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி, கையில் அரசாங்கத்தின் இலவசக் காப்பீட்டு அட்டை. ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே பல் கிளினிக்குக்கு ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்தார்கள். அவரைச் சாயங்காலமே வரச் சொன்னார்கள். அவளை அடுத்த மாதம்.

வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“வலி தலைக்கு ஏறிடுச்சா?” என்றார் கணவர்.

“இல்லைங்க. ஆராய்ச்சிக்குத் தலைப்பு கிடைச்சிடுச்சு.”

“முதல்ல பல்லுக்கு ஒரு வழி பண்ணு.”

பல்லைப் பிறகு வேறெங்கோ பிடுங்கினார்கள். தலைப்பு மட்டும் ஆடாமல் நின்றது. ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க வீட்டுப் பல்வலியை வெச்சுக்கிட்டு ஊர்க் கொள்கையைப் பேச முடியாதும்மா. ஆதாரம் வேணும்.” அவர் சொன்னது நியாயம் என்பது அவளுக்கே தெரியும். புள்ளிவிவரங்களில் மூழ்கினாள், பட்டம் வாங்கினாள், வேலையில் சேர்ந்தாள், பேராசிரியராகவும் ஆனாள். யார் எவ்வளவு காலம் காத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறெதையும் அவள் பேசுவதில்லை என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் ‘வரிசை மேடம்’. கேள்விப்பட்டபோது பட்டம் வாங்கிய நாளைவிட அதிகம் பூரித்துப்போனாள்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இலவச அட்டைக்காரர்கள் அதிகம் காத்திருக்கிறார்கள் என்று அட்டவணைகள் சொல்லின. ஏன் என்று சொல்லவில்லை. போனை எடுப்பதற்கும் வைப்பதற்கும் நடுவில் என்ன நடக்கிறது? போன் செய்துதான் பார்க்க வேண்டும். நோயாளி போல எல்லா கிளினிக்குகளுக்கும் பேசுவது. ஒரே முழங்கால் வலி, ஒரே வார்த்தைகள், அட்டை மட்டும் வேறு. ஆய்வு நெறிமுறைக் குழு கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கடைசியில் அனுமதித்தது. கிடைத்த நேரத்தை உடனே ரத்து செய்துவிட வேண்டும், உண்மையான நோயாளியின் இடம் பறிபோகக் கூடாது என்பது நிபந்தனை.

மாணவர்கள் பேசினால் குரலில் வலி வரவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் “எனக்கு முழங்கால் வலிக்கிறது” என்றார்கள். அந்தச் சமயம் பார்த்து, தன் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று நாத்தனார் வந்து இறங்கினாள். டிராவல் ஏஜென்சியில் வருடக்கணக்காகப் பேசிப் பேசித் தேறிய நாக்கு அவளுடையது.

“குடுங்க அண்ணி, நான் பேசறேன்.”

முதல் அழைப்பிலேயே அறையிலிருந்தவர்கள் தங்கள் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். வினை என்னவென்றால், நாத்தனாருக்கு இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனை வைக்கத் தெரியாது. கெஞ்சினாள், விசும்பினாள், இல்லாத மாமியாரைத் துணைக்கு இழுத்தாள். இலவச அட்டைக்கே மறுநாள் நேரம் வாங்கிவிட்டாள்.

“எழுதி வெச்சதை மட்டும் சொல்லு தாயே. நீ இப்படி ஜெயிச்சா என் ஆராய்ச்சி தோத்துடும்.”

“கஷ்டப்பட்டு வாங்கினேன், அதையும் ரத்து பண்ணணுமாமே.”

“பண்ணணும்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரத்து செய்தாள். பிறகு ஒழுங்காகவே பேசினாள், ஒரு மத்தியானம் வரை. காலையில் தனியார் காப்பீட்டுக்கு ‘நாளைக்கே வாங்க’ என்ற வரவேற்பாளர், சாப்பாட்டுக்குப் பிறகு இலவச அட்டைக்கு ‘ஆறு வாரம் ஆகும்’ என்றாள். நாத்தனாருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “காலையில பேசினதும் நான்தாம்மா. அதே முட்டி, அதே வலி. மனசாட்சி இருக்கா உனக்கு?”

பேராசிரியர் பாய்ந்து போனைப் பிடுங்கினாள். நெறிமுறைக் குழுவின் முகங்கள் கண்முன் வரிசையாக வந்து போயின. ஆராய்ச்சி என்று உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மறுமுனையில் வரவேற்பாளர் குரலைத் தாழ்த்தினாள்.

“என்னைத் திட்டி என்ன மேடம் பிரயோஜனம்? அந்த அட்டைன்னு போட்டா கம்ப்யூட்டர் தேதியே காட்டாது.”

“காட்டாதுன்னா? காலியா இருந்தாலுமா?”

“காலியா இருந்தாலும். அதுக்கு வாரத்துல ரெண்டே இடம். மத்ததெல்லாம் மறைஞ்சிடும். எனக்கே இதுவரைக்கும் உறைக்கலை, நீங்க கேக்கறதால யோசிக்கறேன்.”

போனை வைத்துவிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இத்தனை வருடமாக மனிதர்களின் பாரபட்சத்தைத் தேடியிருக்கிறாள். அது நேரம் ஒதுக்கும் மென்பொருளுக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. எழுந்து நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்து அறை நடுவில் ஒரு சுற்று சுற்றினாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த அழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கினாள். நடந்ததை ஒளிக்காமல் குழுவுக்குச் சொல்லி, வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு புது அனுமதியோடு கிளினிக் கிளினிக்காகப் போய், வரவேற்பாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். பெரும்பாலான இடங்களில் அதே கதை. கட்டுரை வெளியானது, பத்திரிகைகள் எடுத்துப் பேசின, சுகாதாரத் துறை விசாரணைக்குக் கூப்பிட்டது. எல்லாம் சொல்லி முடித்துத் திரும்பியவளுக்கு ஒரு வருடம் வரை பதிலே வரவில்லை.

அவள் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் கடைசி பெஞ்சு மாணவி எழுந்தாள். “மேடம், உத்தரவு வந்திருக்கு. எந்த அட்டையா இருந்தாலும் எல்லா தேதியும் திரையில காட்டணுமாம்.”

“நல்லது, உட்காரு,” என்று பலகைப் பக்கம் திரும்பினாள். எழுதிய சமன்பாட்டையே அதன் கீழே மறுபடி எழுதினாள். மூன்றாவது முறை எழுதும்போது வகுப்பு சிரித்தது. சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தாள். லைன் பிஸி. நாத்தனாருக்குப் போட்டால் அதுவும் பிஸி. இருவரும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள் போல.

எல்லா கிளினிக்கும் நாளைக்கே திருந்திவிடாது, புதுசாக ஏதாவது ஓட்டை கண்டுபிடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கும் போன் செய்து பார்த்துக்கொள்ளலாம். இப்போது யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பக்கத்து வகுப்பறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நிலவியல் பேராசிரியர், இதுநாள்வரை தலையசைப்பைத் தாண்டிப் பழகாதவர், திகைத்து நின்றார்.

“சார், எல்லா தேதியும் காட்டப் போறாங்க.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கல்லை மேஜையில் வைத்துக் கைதட்டினார். என்ன ஏதென்று கேட்காமல் மாணவர்களும் தட்டினார்கள்.