பின்பக்கமாக மேடு ஏறிய மாப்பிள்ளை

"எல்லாப் பயலும் கண்ணாடி பாக்குறான். தலை கலைஞ்சிருக்கான்னு பாக்குறான், மீசை நேரா இருக்கான்னு பாக்குறான். பின்னாடி லாரி வருதான்னு மட்டும் ஒருத்தனும் பாக்க மாட்டேங்குறான்!"

அத்தை இதைச் சொல்லாத நாள் கிடையாது. துணி மடிக்கும்போது சொல்வார், பல் தேய்த்துக்கொண்டே நுரையோடு சொல்வார். ஒருமுறை தப்பான எண்ணுக்குப் போன் போட்ட யாரோ ஒருவரிடம் முழுசாகச் சொல்லி முடித்து, அவரும் "ஆமாங்க, கரெக்டுங்க" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் "ராங் நம்பர்" என்று வைத்தார்.

லைசென்ஸ் ஆபீசில் டெஸ்ட் எடுக்கிற வேலை அத்தைக்கு. வண்டி ஓட்டிக் காட்ட வருகிறவர் பக்கத்தில் ஏறி உட்காருவார். மடியில் ஓர் அட்டை, கையில் சிவப்பு மைப் பேனா. திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். "ஓரங்கட்டுங்க" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டு, மீசை முறுக்கிய ஆசாமிகள் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு விசும்பியிருக்கிறார்கள். ஊரில் அத்தைக்கு 'சிவப்பு மை' என்று பெயர். அத்தையின் கூடப் பிறந்த தம்பி, அதாவது என் அப்பா, "நம்ம அக்காதானே" என்று விசிலடித்துக்கொண்டு டெஸ்டுக்குப் போனார். முதல் வளைவிலேயே அத்தை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார். அப்பா அந்த வாரம் முழுக்க அத்தையோடு பேசவில்லை. அத்தை அதைக் கவனிக்கவும் இல்லை.

கல்யாணப் பேச்சு வந்தால் அத்தை கேட்கிற முதல் கேள்வி, "லைசென்ஸ் இருக்கா? யார் குடுத்தது?" வேறு ஆபீசர் கொடுத்திருந்தால் அத்தைக்கு நம்பிக்கை இல்லை. அத்தையே கொடுத்திருந்தால் அந்த ஆளுக்கு அத்தையைப் பார்த்தாலே தொடை நடுங்கும். ஆக, முப்பது தாண்டியும் அத்தை ஒண்டிக்கட்டை.

ஆபீசுக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோ. லைசென்ஸுக்குப் போட்டோ எடுக்கிற கூட்டம்தான் அங்கே வியாபாரம். உள்ளே நடு ஹாலில் மிகப் பழைய கார் ஒன்று, சக்கரத்துக்கடியில் செங்கல் கொடுத்து நிறுத்தியிருந்தது. ஸ்டூடியோக்காரரின் அப்பா காலத்தில் உள்ளே வந்த வண்டி. வந்த பிறகு சுவரைக் கட்டிவிட்டார்கள். பின்னால் சாலையும் மரங்களும் வரைந்த திரை. நிச்சயமானவர்கள், நிச்சயமாகாதவர்கள், யாருக்கும் தெரியாமல் வந்தவர்கள் என்று எல்லா ஜோடியும் அதில் உட்கார்ந்துதான் படம் எடுத்துக்கொள்ளும்.

அந்த வண்டியின் குணங்கள் எல்லாம் காதலுக்கென்றே அமைந்தவை. கதவின் கீல் பின்பக்கம் இருந்தது. அதனால் முன்னால் போய், முதுகைக் காட்டி, பின்வாங்கித்தான் சீட்டில் விழ வேண்டும். சீட்டோ ஒன்றரை ஆளுக்கு அளவெடுத்தது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்த ஜோடியிடம் ஸ்டூடியோக்காரர் அப்பாவி முகத்தோடு, "கொஞ்சம் நெருங்குங்க தம்பி, கதவு மூட வேணாமா?" என்பார். பிறகு மேஜை மின்விசிறியை அவர்கள் முகத்துக்கு நேரே திருப்பி, "வேகமாப் போறோம், வேகமாப் போறோம், பயப்படாம சிரிங்க!" என்பார். ஊரில் பாதிக் காதல் அந்தக் காரில்தான் ஆரம்பித்தது, கார் ஓர் அங்குலம்கூட நகராமல்.

அத்தையும் ஒருநாள் ஆபீஸ் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனார்.

"லேசா சிரிங்க மேடம்."

"எதுக்கு?"

ஸ்டூடியோக்காரர் ஆயுசில் யாரும் கேட்காத கேள்வி. கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள்ளேயே வெகுநேரம் நின்றுவிட்டார். மறுவாரம் ஸ்டூடியோவின் முன்சுவரை இடித்து, இரண்டு மெக்கானிக்குகளைக் கூட்டிவந்து, காரை வெளியே உருட்டினார். அக்கம்பக்கத்தார் ஸ்டூடியோ திவாலாகிவிட்டது என்று நினைத்து ஆறுதல் சொல்ல வந்தார்கள்.

"லைசென்ஸ் எடுக்கப் போறேன்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டெஸ்டுக்கு வந்து நின்றார். அத்தை காரைச் சுற்றி வந்து பார்த்தார். முதுகைக் காட்டி, பின்வாங்கி உட்கார்ந்தார். ஸ்டூடியோக்காரர் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றி இஞ்சினைக் கிளப்பிவிட்டு, வண்டி தானாகப் போய்விடுமுன் ஓடிவந்து ஏறினார்.

"பிரேக் எது?"

"வலது ஓரம் மேடம். நடுவுல இருக்கிறது ஆக்ஸிலேட்டர்."

"நடுவுலயா?"

"அந்தக் காலத்துல அப்படித்தான் மேடம். பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சு மிதிச்சா நேரா சொர்க்கம்."

அத்தை எதையோ எழுதினார். வளைவு வந்தது. ஸ்டூடியோக்காரர் ஒரு பொத்தானை அழுத்த, கதவுத் தூணிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் தகரக் கை படக்கென்று வெளியே நீண்டது. திரும்பி முடித்த பிறகும் உள்ளே போகவில்லை. "மன்னிக்கணும் மேடம், உங்க பக்கத் தூண்ல ஒரு அறை விடுங்க" என்றார். அத்தை விட்டார். கை உள்ளே போனது. அறைவதற்கு ஆபீசில் வேறு எங்கேயும் அனுமதி இல்லாததாலோ என்னவோ, அத்தைக்கு அது பிடித்துப்போனது.

கடைசியில் மேடு. ஆபீசுக்குப் பின்னால் தண்ணித் தொட்டிக்குப் போகிற செங்குத்துச் சாலை. பாதியில் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். ஸ்டூடியோக்காரர் அடிவாரத்தில் வண்டியை முழுவட்டமாகத் திருப்பினார்.

"எங்க போறீங்க?"

"மேட்டுக்குத்தான் மேடம்."

"மேடு அந்தப் பக்கம்."

"தெரியும் மேடம். இந்த வண்டி பின்பக்கமாத்தான் மேடு ஏறும். பெட்ரோல் இழுக்கப் பம்பு கிடையாது. தானா வழிஞ்சு இஞ்சினுக்குப் போகணும். மூக்கத் தூக்கிட்டா இஞ்சின் மேல, டேங்க் கீழ. அப்புறம் எப்படி வழியும்? முதுகக் காட்டி ஏறினா டேங்க் மேல வந்துடும்."

"டேங்க் எங்க இருக்கு?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுக்கு அடியில."

அத்தை தன் உத்தியோகத்தில் முதல்முறையாக ஒரு மனிதரின் முன்னால் அரை அங்குலம் எழுந்து உட்கார்ந்தார்.

வண்டி பின்னோக்கி ஏறியது. பின் ஜன்னல் என்று அதற்கு இருந்தது தபால்பெட்டி வாய் அளவு. ஸ்டூடியோக்காரர் அந்த வாயைக் கண்ணாடியில் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி கண்ணாடியில் பார்த்தார். மேடு முடிகிறவரை வேறு எதையும் பார்க்கவில்லை. காற்றில் தலைமுடி கோழிக்கூடு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி முன்னாலேயே இருந்தும் அவர் அதைச் சரிசெய்யவில்லை. பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

அத்தை விழுந்தது அங்கேதான்.

"ஓரங்கட்டுங்க" என்றார் உச்சியில்.

"ஏன் மேடம்? நல்லாத்தானே ஏறினேன்?"

"முன்பக்கமா ஏறணும்னு ரூல்."

"வண்டிக்கு ரூல் தெரியாதே மேடம்."

"அப்ப வண்டிக்குத்தான் ஃபெயில். உங்களுக்கு இல்ல. அடுத்த செவ்வாய் வாங்க."

அடுத்த செவ்வாய் வந்தார், அதற்கடுத்ததும் வந்தார். இதில் ஒரு சங்கடம் இருந்தது. வேறு காதலர்கள் மேடு ஏறினால் ஊருக்கு முதுகுதான் தெரியும். இவர்கள் பின்பக்கமாக ஏறியதால் அடிவாரத்தில் வரிசையில் நின்ற மொத்தக் கூட்டத்துக்கும் இரண்டு முகமும் படம் மாதிரி தெரிந்தது.

"ஏய், சிவப்பு மை சிரிக்குதுடா!"

"போடா, வெயில் கண்ணுல படுது. அதான் பல்லு தெரியுது."

"தூண அறையுது பாரு. கையே நீட்டலயே, எதுக்கு அறையுது?"

"வெக்கமா இருக்கும்."

பெட்ரோல் தீர்ந்தால் இன்னும் மோசம். சீட்டைத் தூக்கினால்தான் டேங்க். பங்க்கில் எல்லாரும் பார்க்க அத்தை இறங்கி நிற்க, ஸ்டூடியோக்காரர் போட்டோ அட்டை வெட்டுகிற மரஸ்கேலை உள்ளே விட்டு அளவு பார்ப்பார். அத்தை அந்த ஸ்கேலை வாங்கித் துடைத்து, தானும் ஒருமுறை விட்டுப் பார்ப்பார். அவர்கள் கை கோத்ததை யாரும் பார்த்ததில்லை. ஸ்கேலை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டதைப் பங்க்கில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

ஒருநாள் அத்தை கேட்டேவிட்டார். "வேற வண்டி வாடகைக்கு எடுத்துட்டு வர வேண்டியதுதானே? ஒரே நாள்ல பாஸாயிடுவீங்க."

"பாஸாயிட்டா அடுத்த செவ்வாய் எதைச் சொல்லிட்டு வர்றது?"

மேட்டின் பாதி. வண்டி நின்றிருந்தது. ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டு கேள்வி மேடம். பாஸா? இல்லன்னா... கல்யாணமா?"

"முதல் கேள்விக்கு ஃபெயில். ரெண்டாவது கேள்விய மேட்டுல நிறுத்தி வச்சுட்டா கேப்பாங்க? ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"அப்ப சரி."

வீட்டில் அப்பாதான் குதித்தார். "ஏன்க்கா, ஒண்ணு அந்த ஆள பாஸ் போட்டுட்டுக் கல்யாணம் பண்ணு. இல்ல ஃபெயில் பண்ணிட்டு வேணாம்னு சொல்லு. ஃபெயிலும் பண்ணுவ, கட்டிக்கவும் செய்வியா?"

"ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்ட்டுடா" என்றார் அத்தை.

ஆனால் ஆபீசில் மொட்டைக் கடுதாசி விழுந்தது: டெஸ்ட் என்ற பெயரில் காதல் நடக்கிறது. பெரிய ஆபீசர் அத்தையைக் கூப்பிட்டார். தடித்த மனிதர், எதையும் மூன்று முறை சொல்வார். "கட்டிக்கப்போறவருக்கு நீங்க டெஸ்ட் எடுக்கக் கூடாதும்மா. கூடாது. கூடவே கூடாது. நான் எடுக்கிறேன்" என்று அந்த ஒன்றரை ஆள் சீட்டில் தானே ஏறினார். ஸ்டூடியோக்காரருக்குக் கால் பாகம்தான் மிஞ்சியது. அவர் பாதி உடம்பைக் கதவுக்கு வெளியே வைத்து ஓட்டினார். வளைவில் தகரக் கை நீண்டபோது ஆபீசர் அலறினார். மேட்டில் வண்டி பின்னால் போகத் தொடங்கியதும், யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லாததால், பிரேக் என்று நினைத்துக் காலை நீட்டி நடுவில் இருந்ததை ஓங்கி மிதித்தார். வண்டி தண்ணித் தொட்டிவரை பின்பக்கமாகப் பறந்தது. மூன்று முறை சொன்னார்: "பாஸ்! பாஸ்! பாஸ்! இறக்கி விடுய்யா!"

மாமா (இனி மாமா என்றே சொல்லலாம்) லைசென்ஸை எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினார். அத்தை அதை வாங்கி, அதிலிருந்த படத்தை ஒருமுறை, ஆபீசரின் கையெழுத்தை ஒருமுறை பார்த்து, முன்னும் பின்னும் திருப்பினார்.

"இது அவர் போட்ட பாஸ். இத வச்சு ஊரெல்லாம் ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காரணும்னா நான் போடணும்."

அதனால் கல்யாணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் மேட்டுக்கு மணப்பெண்தான் ஓட்டினார், பின்பக்கமாக. பின்னால் வந்த உறவுக்கார வண்டிகளும் மணமக்களும் நேருக்கு நேர் முகம் பார்த்துக்கொண்டே போனார்கள். மாமா சீட்டில் இருந்தபடியே எல்லாரையும் படம் எடுத்தார். அந்தப் படங்களில் ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை.

பிறகு எத்தனையோ வருஷம். மாமாவுக்கு வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: தான் ஓட்ட வேண்டும், அத்தை பக்கத்தில் உட்கார வேண்டும், இறங்கும்போது அத்தை வாயால் 'பாஸ்' என்று வர வேண்டும். தனியாக மாமா நன்றாகவே ஓட்டினார். அத்தை ஏறினால் மட்டும், கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பிவிட்டு மறுபக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்குள்ளும் "மேடம்" என்றே கூப்பிட்டார். சமாதானம் ஆக வேண்டிய சண்டைகளில் அத்தையே, "சரி, அடுத்த செவ்வாய் பாக்கலாம்" என்பார். செவ்வாய்க்கிழமை வந்தால் அத்தைக்குத் தலைவலி, அல்லது டயருக்குக் காற்று இல்லை. "பயப்படுறியாக்கா?" என்று அப்பா சீண்டுவார். "பாஸ் போட்டுட்டா அவர் கண்ணாடியப் பாக்குறத விட்டுட்டு என்னைப் பாக்க ஆரம்பிச்சிடுவார்டா. வண்டி எங்கயாவது போய் மோதும்" என்பார் அத்தை.

போன மாதம் அத்தைக்குக் கண்ணில் ஆபரேஷன். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் ஏற்கனவே மங்கல். மறுநாள் காலை கட்டுப் பிரிக்க மேட்டுமேல் இருக்கிற கண்ணாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பா டாக்ஸி கூப்பிட்டார். டாக்ஸி வந்தது. அத்தை வாசலில் நின்றே டிரைவரிடம், "தம்பிக்கு லைசென்ஸ் யார் குடுத்தது?" என்றார். டிரைவர் ஒரு பெயரைச் சொன்னார். "அவனா!" என்று அத்தை திரும்பி உள்ளே போய்விட்டார்.

மாமா கைப்பிடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அத்தை சுவரைத் தடவிக்கொண்டே வந்து, சரியான பக்கம் போய், பின்வாங்கி உட்கார்ந்தார். அப்பாவும் நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டோம்.

அடிவாரத்தில் மாமா வண்டியைத் திருப்பினார். மேட்டில் நாங்கள் இருவரும்தான் முதலில் போய்க்கொண்டிருந்தோம், எங்களுக்குப் பின்னால் இஞ்சின். நடு வழியில் ஒரு பால் வண்டி குறுக்கே நின்றது. மாமா நிறுத்தினார். மறுபடி எடுத்தார். அத்தையின் மடியில் இருந்த மாத்திரைப் பை அசையக்கூட இல்லை. இடப்பக்க வளைவில் தகரக் கை நீண்டு மாட்டிக்கொண்டது. யாரும் சொல்லாமலே அத்தை தூணைத் தடவிக் கண்டுபிடித்து ஓர் அறை விட்டார். மாமா ஆஸ்பத்திரி வாசல்வரை கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பா பின்னாலிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி, "என்னை மாதிரி நாலு பேரு சேந்தாலும் இப்படி ஓட்ட முடியாதுடா" என்றார்.

ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு மாமா திரும்பி உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"மேடம். இப்பயாவது சொல்லுங்க. பாஸா, ஃபெயிலா?"

அத்தை கட்டுப் போட்ட முகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"கண்ணக் கட்டிக்கிட்டு மார்க் போட்டவள்னு எனக்குப் பேர் வாங்கிக் குடுக்கலாம்னு பாக்குறீங்களா? பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. உள்ள போய்க் கட்ட அவுத்துட்டு வர்றேன், அதுவரைக்கும் இங்கயே நில்லுங்க. அப்புறம் கீழ இறங்கி மறுபடி முதல்லேருந்து ஏறுங்க, பக்கத்துல உக்காந்து நல்லாப் பாக்குறேன். பதில் வேணும்னு இவ்வளவு வருஷம் காத்திருந்தீங்க, இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"