அந்த அரைச் சுற்று

போன சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். பக்கத்தில் மகள் உட்கார்ந்து, பஞ்சை எதிலோ நனைத்து நகத்தில் இருந்த பழைய பாலிஷைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். எந்தப் புடவைக்கு எந்த நிறம் என்று இப்போதே ஒத்திகை நடக்கிறது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். ஒர்க்‌ஷாப் பக்கம் ஒரு நாளாவது நின்றவர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பெயிண்ட் துடைக்கும் தின்னருக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரே வாடைதான்.

"ஏம்பா, சிதம்பரம் மாமா மொத நாளே வருவாரா? இல்ல, நீ இருக்கேன்னு கடைசி நேரத்துல வந்துட்டு ஓடிடுவாரா?" என்று கேட்டாள், நகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

தூங்குவதுபோல் கிடந்தேன். பதினைந்து வருஷமாக அந்த விஷயத்தில் நான் செய்து வருவது அதைத்தான்.

அவள் மாமா என்றால் என் மனைவியின் தம்பி, பாஸ்கர். எனக்கு மச்சான். மகளை அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். அவள் அழுததைவிட அவன் அழுததுதான் அன்றைக்குப் பெரிய வேடிக்கை. சிதம்பரத்தில் கார் ஸ்டாண்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஏழு பேர் உட்காரும் டீசல் கார், டர்போ வைத்தது, இரண்டாம் கையாக வாங்கியது. நான் கடலூர் முதுநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக். தலைமை என்றால் ரொம்பப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், மொத்தமே நாங்கள் மூன்று பேர். ஆனால் மாமனாருக்கு அது போதுமானதாக இருந்தது. "எம் மாப்ள கை வச்சா செத்த இஞ்சினு எழுந்து நிக்கும்" என்று கீழவீதி டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். நான் அதைக் கேட்டும் கேட்காததுபோல் டீயை ஆற்றுவேன். அந்தப் பெருமைதான் எனக்கு எமனாக வந்தது.

பாஸ்கருக்கு ஒரு குறை. ஏசி போட்டால் வண்டி இழுக்கவில்லை, ஸ்டாண்டில் கிண்டல் பண்ணுகிறார்கள். கோயம்புத்தூரில் பந்தயக் கார் வேலை பார்க்கும் சிநேகிதன் ஒருவனிடம் சொல்லி, சுண்டு விரல் நீளத்தில் பித்தளைத் திருகு ஒன்றை வரவழைத்துவிட்டான். பூஸ்ட் கன்ட்ரோலர் என்று பெயர்.

"மாட்டித் தாங்க மாமா. நீங்க மாட்டுனா பயமில்ல" என்றான்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் குற்றம் என்ன என்று உங்களுக்குப் பிடிபடாது. டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாமான். புகை போகிற வேகத்தில் அது சுழலும். அழுத்தம் அளவைத் தாண்டினால் ஒரு சின்னக் கதவு திறந்து, புகையில் ஒரு பங்கை வேறு வழியில் அனுப்பிவிடும். அழுத்தம் கூடிவிட்டது என்ற சேதியை அந்தக் கதவுக்குக் கொண்டு போவது ஒரு ரப்பர் குழாய். அந்தக் குழாயை நடுவில் வெட்டி இந்தத் திருகை வைத்தால் சேதி மட்டுப்பட்டுப் போகும். மாமியார் தெருமுனைக்கு வந்தாச்சு என்பதை மருமகளிடம் சாவகாசமாகப் போய்ச் சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு தாமதமாகத் திறக்கும். அதற்குள் காற்று கூடுதலாக உள்ளே போயிருக்கும், வண்டி பாயும். எவ்வளவு தாமதம் என்பது திருகை எத்தனை சுற்று சுற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. கால் சுற்று சுற்ற வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்க்க வேண்டும். பிறகு இன்னொரு கால் சுற்று. பொறுமை இல்லாதவன் தொடக் கூடாத சாமான் அது.

ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் அழுத்தம் ஏறாது, ரோட்டில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு காலை வேளையில் சிதம்பரம் ரோட்டில் போனோம். நான், பாஸ்கர், காலி வண்டி. செம்மங்குப்பம் தாண்டி ஒரு புளியமரத்தடி. போய் வருவது, நிறுத்துவது, பானெட்டைத் திறப்பது, கால் சுற்று. நாலு தடவை ஆயிற்று. முன் கண்ணாடிக்குக் கீழே நான் ஒட்டியிருந்த மீட்டர், எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. டீசலும் அதற்குத் தகுந்தாற்போல் கொஞ்சம் கூட்டியிருந்தேன்.

பாஸ்கர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாருக்கு மாமா" என்றான். பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "இவ்ளோதானா?" என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் செத்த இன்ஜினை எழுப்புகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? திருகை இன்னும் அரைச் சுற்று சுற்றினேன். கால் இல்லை, அரை. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி, பக்கத்துக் கெமிக்கல் கம்பெனிகளின் வாடை அடிக்க ஆரம்பித்தது. வேலைக்குப் போகிறவர்கள் அந்த இடத்தில் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு பைக்கை முறுக்குவார்கள். அங்கே நின்று மறுபடி ஓட்டிப் பார்க்க இரண்டு பேருக்கும் மனசில்லை. போதும் வா என்று, திருகு நகராமல் பிடிக்கும் பூட்டு நட்டை இறுக்கினேன்.

டூல்ஸ் பெட்டியில் என் மனைவியின் நெயில் பாலிஷ் ஒன்று எப்போதும் கிடக்கும். ரத்தச் சிவப்பு. திருகின் மேலும் நட்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு இழுத்துவிட்டால், பிற்பாடு யாராவது திருகினால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். மெக்கானிக்குகள் எல்லோரும் செய்கிற காரியம்தான். இழுத்துவிட்டு, "டேய், உன் கை சும்மா இருக்காது. இந்தக் கோடு ஒடஞ்சிருந்தா நீதான் திருகியிருக்கன்னு அர்த்தம்" என்றேன்.

"சாமி சத்தியமா தொட மாட்டேன் மாமா" என்று சிரித்தான்.

பத்து நாள் வண்டி பறந்தது. ஸ்டாண்டில் கிண்டல் நின்றது. பதினொன்றாம் நாள் ஆவணி முகூர்த்தம். சிதம்பரத்திலிருந்து பெண்ணாடத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனான். ஏழு பேர் உட்காரும் வண்டியில் குழந்தை குட்டியோடு பதினொரு பேர், டாப்பில் சீர்ச் சாமான், உள்ளே முழு ஏசி. சேத்தியாத்தோப்பு தாண்டியதும் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற தகடு அழுத்தம் தாங்காமல் வெடித்து, ரேடியேட்டர் தண்ணீரெல்லாம் இன்ஜினுக்குள் போய்விட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரும்பு ஏற்றி வந்த டிராக்டரில் போனார். தாலி கட்டும் நேரத்துக்கு நூலிழையில்தான் போய்ச் சேர்ந்தார்கள். சாயந்திரத்துக்குள் ஸ்டாண்டில் பாஸ்கருக்குப் பேர் வைத்தாகிவிட்டது: மாப்பிள்ளையை நடுரோட்டில் நிறுத்தினவன். கல்யாண சவாரி எடுக்கிறவனுக்கு அதைவிடக் கெட்ட பேர் கிடையாது.

மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். பானெட்டைத் திறந்தவன் நான்தான். மற்ற இரண்டு பேரும் டீக்குப் போயிருந்தார்கள். முதலில் திருகைத்தான் பார்த்தேன்.

கோடு அப்படியே இருந்தது. ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

காலி வண்டியில் வைத்த அளவு, பதினொரு பேரும் ஏசியும் ஏறினால் என்ன ஆகும் என்று யோசிக்காதவன் நான். அதற்கு மேலும் அரைச் சுற்று சுற்றிவிட்டு, ஓட்டிப் பார்க்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவனும் நான்தான். அந்தச் சிவப்புக் கோடு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்தது, பயத்தைவிட வெட்கம் அதிகம். வாசலில் மாமனார் குரல் கேட்டது, கூடவே என் மனைவியின் குரலும். துணியைத் தின்னரில் முக்கி ஒரே துடை. அவ்வளவுதான், பித்தளை பளிச்சென்று ஆகிவிட்டது.

மாமனார் உள்ளே வந்ததும் கூட வந்த மகனைத்தான் பிடித்தார். "நீ என்னாத்தடா திருகுன?"

"நான் தொடவே இல்லப்பா. மாமா கோடு போட்டாரு. அது ஒடையாம இருக்கும், பாருங்க."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "கோடு இருக்குதாங்க?"

"இல்ல" என்றேன்.

மாமனார் கை ஓங்கி அறைந்தார். இருபத்தாறு வயதுப் பிள்ளையை, டீ குடித்துவிட்டுத் திரும்பிய மெக்கானிக்குகள் பார்க்க. "எம் மாப்ள மேல பழி போடறியா?" என்றார். பாஸ்கர் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. பானெட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த துணியைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். வெளியே போய்விட்டான்.

இன்ஜினை நானே ராத்திரி பகலாகப் பிரித்துக் கோத்துக் கொடுத்தேன். என்ன பிரயோசனம், வண்டி சரியானதே தவிர அவன் பேர் சரியாகவில்லை. வண்டியை விற்றுவிட்டு ஒரு காலேஜ் பஸ் ஓட்டப் போனான். எங்கள் வீட்டுக்கு வருவான், நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து. மகளுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் துணி வரும். மாமனார் மட்டும் கடைசி வரைக்கும், "அவன் கை சும்மா இருக்காது மாப்ள, நீங்க மனசுல வச்சிக்காதீங்க" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். போன தையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் நானும் மனைவியும் சிதம்பரம் கிளம்பினோம், தாய்மாமனுக்குத் தட்டு வைத்து அழைக்க. செம்மங்குப்பம் தாண்டியதும், "அந்தக் கோட்ட பத்தி இன்னிக்கி பாஸ்கர்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து, "அன்னிக்கி உங்க சட்டையில தின்னர் வாசன" என்றாள். "நான் ஏன் கேட்டேன்னு நெனச்சீங்க? சொல்லிடுவீங்கன்னுதான் கேட்டேன். நீங்க சொல்லல. எங்கப்பா முன்னாடி உங்கள விட்டுக் குடுக்க எனக்கும் வாய் வரல. அவனத்தான் விட்டுக் குடுத்தேன்."

அந்த நாளுக்குப் பிறகு அவள் நெயில் பாலிஷ் போட்டு நான் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். கண் முன்னால் இருந்த கையைக்கூடப் பார்க்காதவன் என்னத்தை இன்ஜின் பார்த்தேனோ.

பாஸ்கருக்குத் தலை நரைத்திருந்தது. தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் பெண்டாட்டி காபி வைத்தாள். காபியைத் தொடாமல் சொன்னேன்: "பாஸ்கரு, கோடு ஒடையல. நாந்தான் தொடச்சேன்."

கூடத்துச் சுவரில் மாமனார் படம் மாலையோடு இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எனக்குத் தெரியும். துணியில செவப்பு இருந்திச்சி." எழுந்து மாலையைச் சரி செய்தபடி, "அவருக்குத் தெரியாமயே போயிட்டாரே" என்றான்.

ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.

திரும்பும்போது நான் நின்று பார்த்த இடத்தில் அந்தப் புளியமரம் இல்லை, நாலு வழிச் சாலைக்காக எப்போதோ வெட்டியிருக்கிறார்கள். பழைய ரோடு எது என்றே பிடிபடவில்லை. அந்த மாதிரித் திருகும் இப்போதைய வண்டிகளுக்கு வேண்டாம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது, யார் எப்போது கை வைத்தார்கள் என்பது உட்பட. இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

அதற்கு முன், அவன் வீட்டிலிருந்து கிளம்பியபோது பாஸ்கர் வாசல் வரைக்கும் வந்தான். "எம் பொண்ணு நிச்சயத்துக்கு நான் வராமயா? மொத நாளே வந்துடுறேங்க்கா" என்று அக்காவிடம் சொன்னான். பைக்கை உதைத்ததும் என்னிடம், "பாத்து போங்க" என்றான். முன்பெல்லாம் அதற்குப் பின்னால் 'மாமா' என்று ஒரு சொல் வரும். வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும், கிளட்சைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.