லோசானில் ஒருமுறை ஏற்றிய சுடர்

சுவிஸின் லாங்கன்தாலில் காலை எட்டரைக்கு ரயில் ஏறினேன். பேர்னில் மாறி லோசான் போய்ச் சேர இரண்டு மணி நேரம். ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளனுக்கு அரைக்கட்டண அட்டையும் ஒரு கமராவும் இருந்தால், ஊரிலுள்ள நினைவுக் கூட்டமெல்லாம் அவன் தலையில்தான் விழும். அறவழிப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களுக்கான கூட்டங்களைப் பல வருடமாக எடுக்கிறேன். எனக்கு ஒரே விதி: நடப்பதை எடுப்பேன், படத்துக்காக எதையும் திரும்ப நடத்தக் கூடாது. இதை ஒவ்வொரு செயலாளருக்கும் சொல்கிறேன். ஒவ்வொருவரும் தலையாட்டுகிறார்கள்.

லோசான் மெட்ரோ மலை ஏறுவதுபோல ஏறுகிறது. மண்டபத்தில் நுழைந்தபோது பதினொன்று. அதிசயமாகக் கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. மண்டபத்தை ஒரு மணிக்கு ஒப்படைக்க வேண்டுமாம். பயத்தில் எங்கள் சனமும் நேரத்துக்கு வரும்.

முதற்சுடரை ஏற்றியவர் தவமலர், மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவர். ஊர்வலத்துக்குப் போன அவருடைய தம்பி வீடு திரும்பவில்லை. சுடர் பற்றியதும் அவர் கையை எடுக்கவில்லை. காற்று படாமல் மறைத்தபடி நின்றார். அதை எடுத்தேன். அன்றைய பயணத்துக்கு அந்த ஒரு படமே போதும்.

சரியாகப் பன்னிரண்டுக்கு, விருந்தினராக அழைத்திருந்த நகரசபை உறுப்பினர் உள்ளே வந்தார். செயலாளர் ரவி வெளிறிப்போனார்.

"என்ன நடந்தது?" என்றேன்.

"எங்கட ஆக்கள் பிந்தித்தானே தொடங்குவினம் எண்டு, அவருக்குப் பன்னிரண்டு எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை."

"அவர் சுவிஸ்காரன். பன்னிரண்டு எண்டால் பன்னிரண்டுக்கு வருவார்."

"பரவாயில்லை. விளக்கை நூத்துப்போட்டு அவரைக்கொண்டு திரும்ப ஏத்துவம். நீங்கள் ஒரு படம் எடுங்கோ."

தவமலர் விளக்குக்கு முன்னால் வந்து நின்றார். "ரவி, இது என்ர தம்பிக்கு ஏத்தினது. கலியாண வீட்டு வீடியோ எண்டு நினைச்சியோ?"

"ஒரு நிமிசம்தான் அக்கா."

"ஒரு நிமிசமும் நூக்க விடமாட்டன்."

என் விதியைச் சொன்னேன். ரவியின் காதில் அது ஏறவில்லை. அவர் கை விளக்கை நோக்கி நீண்டது. தொழிலில் கற்ற அதிகாரிக் குரலை எடுத்தேன்.

"ரவி, மண்டப விதிமுறையில தீ ஒருக்காத்தான் ஏத்தலாம். திரும்ப ஏத்திறதெண்டால் புது அனுமதி, பெர்மிசியோன், எடுக்கவேணும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. விருந்தினருக்கும் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையுடன் தலையசைத்து, "நிச்சயமாக, விதி விதிதான்" என்றார். பூ ஒன்றை எடுத்து, எரிந்துகொண்டிருந்த சுடருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் நின்றார். அதையும் எடுத்தேன்.

அப்படியொரு விதி இல்லை. முப்பது வருடம் மற்றவர்களின் விதிகளை மொழிபெயர்த்து அலுத்தவன், கடைசியில் சொந்தமாக ஒன்றை இயற்றினேன். லாங்கன்தாலிலும் அது செல்லுபடியாகும் என்றே நினைக்கிறேன். இந்த நாட்டில் தடை என்று சொன்னால் எவரும் ஆதாரம் கேட்பதில்லை.

ஒரு மணிக்கு மண்டபத்தைப் பூட்டினார்கள். தவமலர் சுடரைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, அணையாமல் வீட்டுக்கு எடுத்துப்போனார். வாசலில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணை, அந்தச் சட்டம் எழுதினவர் நல்ல மனிசன். கண்டால் சொல்லுங்கோ."