அவள் திருத்திய கோடுகள்

பெயிண்ட் வேலைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘நூல்’. சுவர் ஒரு நிறம், கூரை ஒரு நிறம் என்றால் இரண்டும் சேரும் இடத்தில் மற்றவர்கள் டேப் ஒட்டிக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். இவன் ஏணியில் ஏறி, மூச்சைப் பிடித்து, வெறும் பிரஷ்ஷால் ஒரே இழுப்பாகக் கோடு பிரித்துவிடுவான். அந்த வித்தையை மனைவிக்கும் சொல்லிக்கொடுத்தான். இருவரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போனார்கள்.

அந்தக் கோடு நடுங்கியதை முதலில் பார்த்தவள் அவள்தான். காலையில் நெளியும். “டீ குடிச்சிட்டு வரேன்” என்று வெளியே போய்த் திரும்பினால் ஓரளவு நேராகும். டீக்கு இவ்வளவு மகிமையா என்று அவளும் கொஞ்ச காலம் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். தின்னர் வாடையில் எந்த வாடையும் அமுங்கிவிடும் என்பது அவன் கணக்கு. ஒருநாள் பிரைமர் டப்பாவுக்குள் துணி சுற்றிய பாட்டில் அவள் கையில் அகப்பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

“குடிச்சா என்ன இப்போ? என் கோடு கோணுதா?” என்று எகிறினான்.

கோணத்தான் செய்தது. ஆனால் அவன் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவள் ஏணியில் ஏறி, நெளிந்ததை மறைத்துப் புதுக் கோடு இழுத்துவிடுவாள். சாயங்காலம் மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்து, “நூலுன்னா நூலுதான்யா” என்பார். அவன் வராத நாளில் மேஸ்திரியிடம் அவனுக்குக் காய்ச்சல் என்பாள், மாமியாரிடம் அவனுக்கு உடம்பு அலுப்பு என்பாள். புருஷனைக் கண்ணுக்கு இமையாகக் காப்பாற்றுகிறோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

ஒருநாள் அவன் ஏணியோடு விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், “இது கெட்ட பழக்கம் மட்டும் இல்லம்மா, வியாதி. வீட்டுல வச்சு திடீர்னு நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரும். இங்கயே இருக்கட்டும்” என்றார். மருந்து கொடுத்துத் தேற்றி, குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு அனுப்பினார். அங்கே வந்து வாய்த்தார் ஒரு பஸ் டிரைவர்.

டிரைவரும் ஒரு காலத்தில் குடித்துக் கெட்டவர்தான். இப்போது அவனுக்கு எல்லாமே டிரைவர். தூக்கம் வராவிட்டால் டிரைவருக்குப் போன். கடை இருக்கும் தெருவைக் கடக்க வேண்டுமென்றால் டிரைவருக்குப் போன். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் “டிரைவர் அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா” புராணம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாந்தி அள்ளியவள் இவள், ஊர் வாயை அடைத்தவள் இவள். தொண்டைத் தண்ணி வற்ற இவள் சொன்னது செவிடன் காதில் ஊதின சங்கு. நேற்று வந்த ஆள் சொன்னால் வேதவாக்கு! ஒரு பெண்பிள்ளையாக இருந்தாலாவது முடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். தொப்பையும் காக்கிச் சட்டையுமாக நிற்கும் மனுஷனை என்ன செய்வது?

குடும்பத்தாரையும் கூப்பிட்ட ஒரு நாளில், தான் கோடு திருத்திய கதையை டிரைவரிடம் பெருமையாகவே சொன்னாள். பதக்கம் கிடைக்கும் என்று நினைத்தாள்.

“இனிமே திருத்தாத தங்கச்சி. கோணினது கோணினபடியே அவன் கண்ணுல படட்டும்” என்றார் டிரைவர்.

வீடு வரும்வரை அவள் அவனுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். குடித்த காலத்தில் அவன் தனக்கு மட்டுமாவது சொந்தமாக இருந்தானே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன புத்தி இது என்று அவளுக்கே கூசியது. ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

பழையபடி வேலைக்குப் போன முதல் நாள். காலி வீடு, நீலச் சுவர், வெள்ளைக் கூரை. அவன் ஏறினான், இழுத்தான். கோடு பாதி வழியில் நெளிந்தது. கீழே இறங்கி, பிரஷ்ஷை அவளிடம் நீட்டினான்.

“நீயே போட்டுடு, எப்பவும் போல. நான் டீ குடிச்சிட்டு வரேன்.”

அவள் பிரஷ்ஷை வாங்கிய கையோடு நிமிர்ந்தாள். “எப்பவும் போலன்னா? உங்களுக்குத் தெரியுமா?”

“என் கை எனக்குத் தெரியாதா? நீ பாத்துக்குவேன்னுதானே போய்க் குடிச்சேன்.”

பிரஷ் அவள் கையில் இருந்தது. மூன்று இழுப்பில் முடிந்துவிடும் வேலை. அவனோ வாசற்படிக்குப் போய்விட்டான். அது எந்த டீ என்று அவளுக்குத் தெரியும். அவள் பிரஷ்ஷைத் தண்ணீர் வாளியில் போட்டாள். தன் போனை எடுத்து, உலகத்திலேயே தனக்குப் பிடிக்காத அந்த நம்பரை அழுத்தி, ஓடிப்போய் அவன் கையில் திணித்தாள்.

“பேசுங்க. பேசிட்டு எங்க வேணா போங்க.”

அவன் படியிலேயே உட்கார்ந்தான். “அண்ணே, பயமா இருக்குண்ணே” என்றான். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருதரம்கூடச் சொல்லாத வார்த்தை. அவளுக்குப் பொறாமையில் கண் கலங்கியது. கலங்கியபடியே பக்கத்தில் நின்றாள்.

பேச்சு முடிவதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்.

“என்னய்யா இது, பாம்பு போன மாதிரி? யாரு போட்டது?”

அவன் போனை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தான்.

“நான்தான் போட்டேன். குடிச்சுக் கெட்ட கை மேஸ்திரி, இன்னும் நடுங்குது. முன்னாடி நீங்க பாத்ததெல்லாம் இவ போட்டது. இத நானே அழிச்சிட்டுப் போடுறேன்.”

மேஸ்திரி அவளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். அவன் வாளியிலிருந்து பிரஷ்ஷை எடுத்து உதறினான்.

போனில் டிரைவர் பதறிக்கொண்டிருந்தார். “தங்கச்சி, என்ன ஆச்சு? அவன் என்ன சொன்னான்?”

“அத அவரே அப்புறமா சொல்லுவாருண்ணே” என்று சொல்லி அவள் போனை வைத்தாள். இதையாவது டிரைவருக்கு முன்னால் அவள் கேட்டுவிட்டாள்.