வனஜா மாமியின் மூன்று நாள்

பெஹாலாவில் எங்கள் தெருவில் மாதத்துக்கு மூன்று நாள் புளி தீய்ந்த வாசனை வரும். வனஜா மாமி வீட்டுக்குத் தூரம், சுந்தரராஜன் மாமா சமைக்கிறார் என்று அர்த்தம். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் ஒரு ஃபைலில்கூடத் தப்பு விடாத மனிதர் அவர். இருபத்தாறு வருஷம் சமைத்தும் உப்பு மட்டும் பிடிபடவில்லை.

ஐம்பத்தோரு வயதில் மாமிக்குத் தீட்டு அடியோடு நின்றது. மாமா நாலு வீட்டுக்கு ரசகுல்லா கொடுத்தார். கேட்டதற்கு இன்கிரிமென்ட் என்றார்.

ஆனால் அதோடு மாமியின் தூக்கமும் போயிற்று. திடீரென்று கழுத்திலிருந்து அனல் ஏறும், ரவிக்கை நனைந்துவிடும். “கரென்ட் போயிடுத்து” என்பாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

எட்டு மாதம் தாங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டாள். நான் அப்பளக் கடை முத்தையாவின் மகள், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. படித்தது தாவரவியல்தான். தெருவைப் பொறுத்தவரை டிகிரி என்றால் எல்லாம் தெரியும். எனக்கு என்ன தெரியும் என்பதை, வேலையோடு சேர்த்து, நான் அப்போது தேடிக்கொண்டிருந்தேன்.

கரியாஹாட்டில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். மாமியின் வங்காளம் கறிகாய்க்காரனோடு சண்டை போடத்தான் போதும். அதனால் நான் மொழிபெயர்த்தேன். ஹார்மோன் மாத்திரை அனலை அடக்கும், தூக்கம் தரும். அதைத் தனியாகச் சாப்பிட்டால் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரலாம் என்று நாலைந்து வருஷமாக அமெரிக்காவில் சொல்கிறார்கள். அதனால் மாதத்தில் பத்து நாள் இன்னொரு மாத்திரையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் பழையபடி மாதாமாதம் தீட்டு வரும். “யோசித்துவிட்டு அடுத்த வாரம் வாருங்கள், மாஷிமா” என்றார் டாக்டர் மாமியிடம்.

“மூணு நாளும் வருமாடீ?” என்றாள் மாமி. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டில் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். நன்மை: தூக்கம். தீமை: புற்றுநோய், தீட்டு.

“தீட்டை ஏன் அந்தப் பக்கம் போட்டே?”

“தொந்தரவு இல்லையா, மாமி?”

“உனக்கு. பின்கட்டு ரூம்ல பாயைப் போட்டுண்டு வாரப் பத்திரிகை படிப்பேன். யாரும் காப்பி கேக்க மாட்டா. இப்போ முப்பது நாளும் அடுப்படிதான். அழிச்சு இந்தப் பக்கம் எழுது.”

அந்த வழக்கமே பெண்ணடிமைத்தனம் என்று கல்லூரியில் பேசிப் பரிசு வாங்கியவள் நான். என் கையாலேயே ‘தீட்டு’ என்று நன்மையின் கீழ் எழுதினேன். மூன்று வருஷம் படித்து, கோடு போட மட்டும்தான் கற்றேனோ?

மாமாவுக்கு மருத்துவ ஞானம் பொங்கியது. “கேன்சர்ங்கறா. வீணா ரிஸ்க் எதுக்கு?”

“உங்க ரிஸ்க்கு அந்த மூணு நாளும் சாத்தமுது வைக்கறது” என்றாள் மாமி.

அடுத்த வாரம் முடிவோடு போனோம். டாக்டர் பேனாவைத் திறந்தார். எழுதுமுன், பிறந்த வீட்டில் யாருக்காவது மார்பில் புற்றுநோய் உண்டா என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். மாமி மேஜை விரிப்பின் ஓரத்தை நீவினாள்.

“சொல்லாட்டா இவளுக்குத் தெரியாதோன்னோ?”

“தெரியாது, மாமி.”

நான் மேலே எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை.

“ராஜம் அக்காவுக்கு” என்றாள் கடைசியில். “நாப்பத்தேழு வயசுல போயிட்டா. சொல்லிடு.”

சொன்னேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். இந்த மாத்திரை வேண்டாம். மெல்லிய பருத்திப் புடவை, காற்றோட்டமான இடம். முடிந்தவரை அடுப்புச் சூட்டுக்கு விலகி இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பஸ்ஸில் மாமி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என் தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, கையிலேயே வைத்திருந்தாள்.

வாசலிலேயே மாமா கேட்டார். “மாத்திரை குடுத்தாளா?”

“வேண்டாம்னுட்டா.”

மாமாவின் முகம் மலர்ந்தது.

“ஆனா மாசத்துல மூணு நாள் அடுப்புப் பக்கமே போகப்படாதாம். இவதானே மொழிபெயர்த்தா? கேட்டுக்கோங்கோ.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னது ‘முடிந்தவரை’. அதற்கு எத்தனை நாள் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

“ஆமாம், மாமா” என்றேன். “மூணு நாளாவது.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உள்ளே போனார். புளிப் பானையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.